தொடக்கப் பள்ளியின் கணினி வகுப்புக்கு உள்ளூரில் நிதி திரட்டுவது எப்படி?

கரமனையிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வசிக்கும் வாடிக்கையாளர்கள் எங்கள் கிளையில் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. "நாங்கள் படித்த பள்ளிக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கித் தர விரும்புகிறோம். பணத்தை யாருடைய பெயரில், எப்படிக் கொடுப்பது?" என்று முன்னாள் மாணவர்கள் கேட்கின்றனர். பள்ளித் தரப்பிலிருந்து வருவோர் இதே வினாவை மறுபுறமிருந்து கேட்கின்றனர். "எங்கள் பள்ளியின் மடிக்கணினிகள் பழுதாகிவிட்டன, வங்கியிலிருந்து ஏதேனும் உதவி கிடைக்குமா?" என்பது அவர்களுடைய கேள்வி. இரு தரப்பினருக்கும் பயன்படும் செய்திகளை இங்குத் தொகுத்துக் கூற விழைகிறோம்.

இவ்வினா இப்போது மிகுதியாக எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. கரமனைக்கு அருகிலுள்ள பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் "கைட்" நிறுவனம், 2018 முதல் கேரளத்தின் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் மடிக்கணினி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி ஆகியவற்றை வழங்கி வந்தது. முதலில் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 45,000 உயர்தொழில்நுட்ப வகுப்பறைகள் அமைக்கப்பட்டன. பின்னர், 2019 ஜூலையில் தொடங்கிய 292 கோடி ரூபாய்த் திட்டத்தின் கீழ், 1 முதல் 7 வரையிலான வகுப்புகளைக் கொண்ட 9,941 பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. பொதுப் பள்ளிகள் அனைத்தும் உயர்தொழில்நுட்ப வசதி பெற்ற முதல் மாநிலம் கேரளம் என்று 2020 அக்டோபர் 12ஆம் நாள் முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார்.

அக்கருவிகள் 5 ஆண்டு உத்தரவாதத்துடன் வந்தவை. 2019-20இல் வந்த கருவிக்கு அந்த உத்தரவாதம் முடிந்துவிட்டது. மின்கலம் வலுவிழந்த மடிக்கணினி, மங்கிய விளக்குடைய புரொஜெக்டர், விசைகள் உதிர்ந்த விசைப்பலகை ஆகியவை இன்று தலைமையாசிரியரின் அலமாரியில் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். முதல் தவணைக் கருவிகளை மாநில அரசு கொடுத்தது. இரண்டாம் தவணை எங்கிருந்து வரும் என்பதே இன்றைய சிக்கல்.

ஊர்ப்பணம் முன்பே வந்தது

இத்திட்டம் முழுவதும் அரசுப் பணத்தில் நடந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி 595 கோடி ரூபாய் வழங்கியது. அதனுடன் உள்ளூர் அளவில் திரட்டப்பட்ட தொகை 135.5 கோடி ரூபாய். அதாவது மொத்தச் செலவான 730.5 கோடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை உள்ளாட்சிகளும் சட்டமன்ற உறுப்பினர் நிதிகளும் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் அளித்திருக்கின்றனர்.

இப்பங்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. வகுப்பறையில் மின் இணைப்பு, பூட்டக்கூடிய கதவு சன்னல்கள், செம்மையான தரை ஆகியவை இருந்தால்தான் கருவிகள் வழங்கப்படும் என்பது நிபந்தனை. எனவே கருவியை மாநிலமும் அறையை ஊரும் ஏற்றுக்கொண்டன. எங்கள் கருத்தில், அத்திட்டத்தின் மிகச் சிறந்த கூறு இதுதான். நன்கொடையாளர் தாம் கொடுத்த பணம் எந்தக் கதவாக, எந்த மின்கம்பியாக ஆயிற்று என்பதைக் கண்ணால் காண முடிந்தது.

மற்றொரு செலவு தொடக்கத்திலேயே தவிர்க்கப்பட்டது. கேரளப் பள்ளிக் கணினிகள் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. சிறு குழந்தைகளுக்கான "ஜிகாம்ப்ரி" போன்ற கல்வி விளையாட்டுகளும் அதில் அடங்கும். உரிமக் கட்டணம் ஏதும் இல்லாததால், ஊரார் திரட்டும் பணம் முழுவதும் கருவிக்கும் பராமரிப்புக்கும் செல்கிறது. யாரேனும் ஆண்டுச் சந்தா உள்ள மென்பொருளைப் பள்ளிக்குப் "பரிசாக" அளிக்க முன்வந்தால், இரண்டாம் ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

2020இல் கற்ற பாடம்

2020 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடியிருந்த நிலையில், கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் "ஃபர்ஸ்ட் பெல்" வகுப்புகள் தொடங்கின. அதற்கு முன்னர் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், வீட்டில் தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் எனத் தெரியவந்தது. அவர்களுக்காக அண்டை வீட்டுக் கற்றல் மையங்கள் உருவாயின. மையங்களுக்கான தொலைக்காட்சிப் பெட்டியின் விலையில் 75 விழுக்காட்டைக் கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. ஏற்றது. எஞ்சியதை உள்ளாட்சியும் கொடையாளர்களும் ஏற்பது என்பது ஏற்பாடு.

அதே ஆண்டில் கே.எஸ்.எஃப்.இ.யும் குடும்பஸ்ரீயும் இணைந்து அறிவித்த "வித்யாஸ்ரீ" திட்டம் வங்கியாளர்களாகிய எங்களுக்குத் தனி ஆர்வம் தருவது. குடும்பஸ்ரீ அயல்கூட்ட உறுப்பினர்கள் மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதம் கட்டும் சிறு சீட்டு அது. மொத்தம் 15,000 ரூபாய். மூன்று தவணை கட்டியவருக்கு மடிக்கணினி உண்டு. பணம் திரட்டும் பகுதியை அயல்கூட்டங்கள் எளிதாகச் செய்தன. மாதச் சீட்டு அவர்களுக்குப் பழகிய ஒன்று. கருவி வந்து சேர்வதில்தான் தாமதம் நேர்ந்தது. உலகெங்கும் மடிக்கணினிக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. பின்னர், கடையில் தாமே வாங்கி ரசீதைக் காட்டுவோருக்கு 20,000 ரூபாய் வரை கடன் என்று திட்டம் தளர்த்தப்பட்டது. மொத்தக் கொள்முதலில் விலை குறையும், காத்திருப்பு கூடும். சில்லறைக் கொள்முதலில் இது தலைகீழ். ஒரு பள்ளிக்கு இரண்டு கருவி போதுமென்றால், உத்தரவாதச் சேவை மையம் நகரிலேயே உள்ள நிறுவனத்தின் கருவியை நேரடியாக வாங்குவதே உகந்தது என்பது எங்கள் எண்ணம்.

2021 ஆகஸ்டில் கேரள அரசு தொடங்கிய "வித்யாகிரணம்" திட்டம், தனிநபர்களும் வெளிநாடுவாழ் மலையாளிகளும் நிறுவனங்களும் மாணவர்களுக்கான கருவிகளுக்கு நிதியளிக்க வழிசெய்தது. தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" அமைப்பும் இதே நோக்கில் முன்னாள் மாணவர்களையும் நிறுவனங்களையும் அரசுப் பள்ளிகளோடு இணைக்கிறது. கரமனைத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ ஒரு பள்ளியின் மீதும் பற்று இருக்கும். அவர்களுக்கு அவ்வழியும் உண்டு.

பணம் இருக்கும் இடங்கள்

முதற்கதவு பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இக்குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். 22ஆம் பிரிவு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைக் குழு தயாரிக்க வேண்டும் என்கிறது. பல பள்ளிகளில் இத்திட்டம் ஒரு சடங்காகவே எழுதப்படுகிறது. ஆனால் நிதி கேட்டுச் செல்லும் இடமெங்கும் முதலில் கேட்கப்படும் தாள் இதுவே. "ஸ்மார்ட் வகுப்பறை தேவை" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எத்தனை கருவிகள் உள்ளன, எவை பழுது, எந்த வகுப்புக்கு எது வேண்டும், மூன்று விலைப்புள்ளிகள் என்ன என்பதை இரண்டு பக்கங்களில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

சமக்ர சிக்ஷாவின் கூட்டுப் பள்ளி மானியம் அரசுப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப வழங்கப்படுவது. 30 மாணவர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்குமேல் ஒரு லட்சம் என்பது அதன் அளவு. அதில் 10 விழுக்காடேனும் தூய்மைப் பணிக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து மின்கட்டணம் வரை இம்மானியத்தை எதிர்பார்த்து நிற்பதால், புதிய கருவி வாங்க இதை நம்பியிருக்க இயலாது. பழுதுபார்ப்புக்கு ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

கேரளத்தில் உள்ளாட்சியின் பங்கு பெரிது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்குப் பின், மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பகுதி உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது. நகரப்பகுதி அரசுப் பள்ளிகளின் பராமரிப்பு மாநகராட்சியைச் சார்ந்தது. எனவே கரமனைப் பள்ளியொன்றின் கோரிக்கை வார்டு கவுன்சிலர் வழியாகத் திருவனந்தபுரம் மாநகராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் இடம்பெறுவதே இயல்பான பாதை. திட்டம் வகுக்கும் நேரத்துக்கு முன்பே கோரிக்கை சென்று சேர வேண்டும். மார்ச் மாதத்தில் "மீந்த பணம் ஏதேனும் உண்டா" என்று போய் நிற்பவர் வெறுங்கையோடு திரும்புவதே வழக்கம்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் அளித்துச் செயல்படுத்தும். பணம் பள்ளியின் கணக்குக்கு வராது, கருவியே வரும் என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி குறித்துத் தவறான எண்ணங்கள் பல உலவுகின்றன. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். அவை முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். தாம் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. எனவே தொலைவிலுள்ள பெருநிறுவனத்துக்கு மடல் எழுதுவதைவிட, நகருக்குள் கிளையோ ஆலையோ வைத்துள்ள நிறுவனத்தை அணுகுவது பலன் தரும். நிறுவனம் பிறர்வழி நிதி செலுத்துவதாயின், பெறும் அமைப்பு நிறுவன விவகார அமைச்சகத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குப் பொதுவாக அப்பதிவு இராது. ஆகவே நிறுவனமே கருவியை வாங்கிப் பள்ளிக்கு ஒப்படைப்பதுதான் எளிய முறை.

"வங்கிக்கும் அந்த 2 விழுக்காடு உண்டல்லவா?" என்று கேட்போர் பலர். தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் 1970, 1980ஆம் ஆண்டுச் சட்டங்களால் உருவானவை. நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தாது. ரிசர்வ் வங்கியின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, லாபம் ஈட்டும் வங்கி முந்தைய ஆண்டு லாபத்தில் 1 விழுக்காடு வரை நன்கொடை அளிக்கலாம். இத்தொகை கிளை மேலாளரின் மேசை அறையில் இருப்பதன்று. கிளையின் பரிந்துரை மேலலுவலகம் சென்று ஒப்புதல் பெற வேண்டும். மேலே கூறிய இரண்டு பக்கத் திட்டம் எங்களுக்கும் தேவைப்படுவது அப்போதுதான்.

கணக்கு யார் பெயரில்?

கோயில் உற்சவத்துக்கு ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் செல்லும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று. பள்ளிக்காகத் திரட்டும்போதும் அந்த ஒழுங்கு வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில், தலைமையாசிரியரும் கழகத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிடும் சேமிப்புக் கணக்கே ஏற்றது. கணக்குத் தொடங்கக் கழகத்தின் தீர்மானமும் பொறுப்பாளர்களின் அடையாளச் சான்றுகளும் தேவை. அக்கணக்குக்கே ஒரு கியூஆர் அட்டை பெற்றுக்கொண்டால் பத்து ரூபாயும் தடமின்றிப் போகாது.

ஆசிரியர் ஒருவரின் கைபேசி எண்ணுக்கு எல்லோரும் அனுப்பிவிடுவது இன்றைய எளிய வழி. எங்கள் முகப்பில் அதன் விளைவைக் கண்டிருக்கிறோம். பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு பள்ளியில், ஆசிரியர் இடமாற்றம் பெற்ற பின், அவருடைய ஊதியம் எது, நன்கொடை எது என்று மூன்றாண்டுக் கணக்கைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆயினும் அந்த நேர்மையான மனிதர் இரண்டு வாரம் தலைகுனிந்து நடந்தார். அடுத்த ஆண்டு அப்பள்ளியில் வசூலுக்குச் செல்ல எவரும் முன்வரவில்லை.

வருமான வரிச் சலுகையைப் பற்றி ஒரு சொல். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஜி என நாம் பழகிய சலுகை, அதற்கென ஒப்புதல் பெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கே உரியது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சாதாரண ரசீது அதற்குப் போதாது. ஒப்புதல் பெற்ற அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால், அதற்குரிய நன்கொடைச் சான்றிதழைக் கேட்டுப் பெறவும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கும் இச்சலுகை கிடையாது. வரிச் சலுகைக்காகவே கொடுக்க எண்ணுபவர் முதலில் தம் கணக்காயரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நம் வாடிக்கையாளரில் மிகுதி. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பும் தொகை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் நிலைமை வேறு. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை கையில் இருந்தாலும் அவர் வெளிநாட்டவரே. அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறாத கழகம் அவரிடம் பணம் பெறக் கூடாது. அன்போடு அனுப்பப்பட்ட ஐம்பது டாலர் ஒரு பள்ளிக்குச் சட்டச் சிக்கலாகிவிடக் கூடாது. ஐயமிருப்பின் பணம் வருமுன் கிளையில் கேளுங்கள்.

ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். தொடக்கக் கல்வி இலவசம் என்பது சட்டம். பெற்றோரிடம் பெறுவது விருப்ப நன்கொடையாக மட்டுமே இருக்கலாம். கொடாதவரின் குழந்தை கணினி அறைக்கு வெளியே நிற்கக் கூடாது. கொடுத்தோர் பட்டியலை வகுப்பில் வாசிப்பதும் கூடாது.

தேய்மானம் என்னும் மறந்த செலவு

வணிகவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் முதலாண்டுப் பாடம். மடிக்கணினியின் பயன்காலம் 3 ஆண்டு என்பது நிறுவனச் சட்ட அட்டவணை. வருமான வரியில் கணினிக்கு ஆண்டுத் தேய்மானம் 40 விழுக்காடு. பள்ளியிலோ அது பத்தாண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். நடுவே 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம்.

எடுத்துக்காட்டாக, ஒரு மடிக்கணினிக்கு 40,000, புரொஜெக்டருக்கு 30,000, ஒலிபெருக்கி, திரை, மின்கம்பி ஆகியவற்றுக்கு 10,000 என ஒரு வகுப்பறைக்கு 80,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். கருவி வந்த மாதமே கழகத்தின் பெயரில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, மாதம் 1,150 ரூபாய் கட்டிவந்தால், 6 விழுக்காடு வட்டியில் 60 மாத முடிவில் 80,000 ரூபாயைச் சற்றே தாண்டிய தொகை சேரும். மாதம் 50 ரூபாய் தரும் 23 முன்னாள் மாணவர்கள் போதும். நிலை அறிவுறுத்தல் கொடுத்துவிட்டால் மாதாமாதம் அவர்களை நினைவூட்ட வேண்டியதில்லை. நன்கொடை விழாவில் 80,000 ரூபாய் திரட்டுவதற்கு ஊரே கூடும். இந்த 1,150 ரூபாய்க்கு விழாவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஆகவே இதற்கு ஆள் கிடைப்பது அரிது. உங்களில் எவரேனும் கொடையளிக்க எண்ணினால், இப்பகுதியை ஏற்குமாறு வேண்டுகிறோம்.

எல்லா வகுப்புக்கும் புரொஜெக்டர் தேவையா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஒரு மடிக்கணினியும் நல்ல ஒலிபெருக்கியும் போதும் என்று கூறும் ஆசிரியர்கள் உளர். கதையும் பாட்டும் கேட்பதே அவ்வயதின் கல்வி. தமிழ் வழி வகுப்புகளில் வேறொரு குறை. கேரளப் பாடத்திட்டத்தின் பெரும்பாலான மின்பாடங்கள் மலையாளத்தில் உள்ளன. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சியும் மணற்கேணி செயலியும் மொழியால் நெருங்கினவை, பாடவரிசையால் விலகினவை. இவ்விடைவெளியை நிரப்ப, ஓர் ஆசிரியருக்கு நல்ல ஒலிவாங்கியும் ஒரு கோடை விடுமுறையும் கிடைத்தால் போதும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் இத்தகைய உதவியைக் கேட்கப் பள்ளிகளுக்கும் தோன்றுவதில்லை, கொடுக்க நமக்கும் தோன்றுவதில்லை.

கருவியை ஒப்படைக்கும் நாளில் மூன்று தாள்களைப் பெற்றுக்கொள்ளுங்கள்: பள்ளியின் பெயரிலான விலைப்பட்டியல், உத்தரவாத அட்டை, பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் கருவி ஏற்றப்பட்ட பக்கத்தின் படி. பதிவேட்டில் ஏறாத கருவிக்கு ஒரு தலைமையாசிரியர் மாறினால் வரலாறே இராது. ஏறிய கருவியையோ, பழுதான பின்னும், எவரும் தம் விருப்பப்படி அகற்ற முடியாது. முறைப்படி கழிவாக அறிவித்து நீக்கிய பின், க்ளீன் கேரளா கம்பெனி பள்ளிகளிலிருந்து மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொள்கிறது. புதிய கருவிக்கு விண்ணப்பிக்கும் பள்ளிகள் அந்த அலமாரியை முதலில் ஒழித்துவிட்டு வந்தால், மேம்பாட்டுத் திட்டத்தின் முதற்பக்கத்தில் எழுத வேண்டிய எண்ணிக்கையும் சரியாக இருக்கும்.